காதுக்காரர் வரைந்த மூன்று வட்டங்கள்

தார்ச்சாலையின் மேல் நின்றபடியே, நாலடி மண்ணுக்குக் கீழே குடிநீர்க் குழாய் எங்கே ஒழுகுகிறது என்று சொல்லிவிடுகிற ஆளுக்குக் காதுக்காரர் என்று பெயர் வைக்காமல் வேறு என்ன வைப்பார்கள்? குடிநீர் வாரியத்தில் இருபத்திரண்டு வருடமாக அவருக்கு அதுதான் வேலை, அதுதான் பெயர். கடைகள் திறப்பதற்கு முன்னால், தெருவில் வண்டிகள் குறைவாக இருக்கிற காலை நேரத்தில், கழுத்தில் ஒரு பெட்டியும் காதில் பெரிய ஹெட்போனுமாக வந்து நிற்பார். பெட்டியிலிருந்து இறங்குகிற ஒயர், கவிழ்த்த கிண்ணம் மாதிரி இருக்கிற ஒரு மைக்கில் போய் முடியும். அதைச் சாலையில் அடிக்கு அடி வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். விரிசல் வழியே தண்ணீர் பீய்ச்சும்போது மெல்லிசாக ஒரு சீறல் வரும். அது எங்கே அதிகமாகக் கேட்கிறதோ அங்கே சாக்பீஸால் ஒரு வட்டம் போட்டுவிட்டு நிமிர்வார். தோண்டினால் தண்ணீர் இருக்கும்.

கர்வம் இல்லாமல் இருக்குமா? நிறையவே இருந்தது. அவர் கேட்கும்போது சுற்றிலும் யாரும் உரக்க மூச்சுகூட விடக் கூடாது. மேற்பார்வைக்கு வந்த அதிகாரி ஒருவர் வேர்க்கடலை மென்றுகொண்டிருந்தபோது, "சார், வாயைக் கொஞ்சம் மூடிக்கிட்டீங்கன்னா நல்லா இருக்கும்" என்றவர் அவர். அதிகாரி மூடிக்கொண்டார். அந்தக் கதையை வாரியத்தில் எல்லோரும் சொல்வார்கள். அவரே சொல்லும்போது மட்டும் அதிகாரியின் பதவி வருடத்துக்கு ஒரு படி ஏறிக்கொண்டே போகும்.

தோண்டுகிற வேலை கடப்பாரையுடையது. நெட்டையாக, ஒல்லியாக, வளையாத முதுகோடு இருந்ததால் ஆளுக்கே அந்தப் பெயர். காதுக்காரரைவிட ஆறு வயது சின்னவர். பன்னிரண்டு வருடமாக இருவரும் ஜோடி. பெட்டியைச் சுமந்து வருவது, மைக்கைத் துணியால் துடைத்துக் கொடுப்பது, குழி தோண்டுவது, ஓட்டையை அடைத்து மூடுவது எல்லாம் அவர் தலையில்தான். அவரிடம் காதுக்காரருக்கு ஒரே ஒரு குறை உண்டு. கொஞ்ச காலமாக, வட்டம் போட்ட இடத்தில் ஆள் சரியாகத் தோண்டுவதில்லை. "இந்தப் பக்கம் கல்லா இருக்குண்ணே, கொஞ்சம் தள்ளி ஆரம்பிக்கிறேன்" என்று ஏதாவது சாக்குச் சொல்வார்.

"நான் ஒரு இடத்தைக் காட்டினா இவன் ஒரு இடத்துல கொத்துவான். உடம்பு வணங்காதவனைக் கட்டிக்கிட்டு மாரடிக்கிறேன்" என்று காதுக்காரர் மற்றவர்களிடம் சொல்லிச் சிரிப்பார். கடப்பாரையும் கூடவே சிரிப்பார்.

காதுக்காரரின் வீடு நகரத்தின் ஒரு கோடியில், அலுவலகம் மறு கோடியில். பஸ்ஸில் போக ஒன்றேகால் மணி நேரம், வர ஒன்றேகால் மணி நேரம். எஞ்சினை ஒட்டிய இருக்கைதான் அவருக்குப் பிடித்தது, காலை நீட்டிக்கொள்ளலாம். ஆறு வருடத்துக்கு முன்னால் மனைவி ஒரு கைப்பேசி வாங்கிக் கொடுத்தாள். கூடவே ஒரு இயர்போன் வந்தது. அன்றிலிருந்து பஸ்ஸில் பாட்டும் தொடர்கதையும்தான். எஞ்சின் உறுமலில் பாட்டு எடுபடவில்லை என்று சத்தத்தைக் கூட்டினார். கொஞ்ச நாளில் அதுவும் போதவில்லை என்று இன்னும் கூட்டினார். இவ்வளவு சத்தத்தில் நெடுநேரம் கேட்டால் காது கெடலாம் என்று கைப்பேசித் திரையில் ஒரு எச்சரிக்கை வரும். அதற்குக் கீழே 'சரி' என்று ஒரு பொத்தான் இருக்கும். சரி என்று அமுக்கிவிட்டுக் கடைசிக் கோடு வரைக்கும் ஏற்றுவார். ஒரு நாளைக்கு இரண்டு தடவை, ஆறு வருடம். அத்தனை சரியை மனிதர் கட்டிய மனைவிக்குக்கூடச் சொன்னதில்லை.

பஸ்ஸை விட்டு இறங்கியதும் காதில் 'கொய்' என்று ஒரு சத்தம் நிற்கும். முதலில் இரவுச் சாப்பாட்டுக்குள் அடங்கிக்கொண்டிருந்தது. பிறகு மறுநாள் காலை வரைக்கும் இருந்தது. பிறகு அது போவதே இல்லை. பஸ் எஞ்சின் பழசு என்று சொல்லிக்கொண்டார். இயர்போனில் சத்தமே வருவதில்லை என்று மூன்று தடவை மாற்றினார். மூன்றாவது தடவை கடைக்காரர் அதை வாங்கித் தன் காதில் சொருகினார். சுட்டுக்கொண்டவர் மாதிரி பிடுங்கி எறிந்தார்.

"இதையா சத்தம் வரலைங்கறீங்க?"

"வரலையே. வந்தா நான் ஏன் வர்றேன்?"

விலை கூடியதைத் தலையில் கட்டப் பார்க்கிறான் என்று காதுக்காரர் அடுத்த கடைக்குப் போய்விட்டார்.

வீட்டிலும் சொல்லாமல் இல்லை. "நம்ம டிவியிலதான் பக்கத்து வீட்டுக்காரங்க செய்தி கேக்கறாங்க. அவங்க சொந்தமா ஒண்ணு வாங்குற யோசனையையே விட்டுட்டாங்க" என்றாள் மனைவி. அவர் சிரித்து மழுப்பினார். வாரியத்துப் பெட்டியில் சத்தத்தைக் கூட்டுகிற திருகு முன்பெல்லாம் நான்கில் நிற்கும். இப்போது ஒன்பதில் நின்றது. பெட்டி பழசாகிவிட்டது என்றார்.

தெரியாமல் செய்தார் என்று எழுத எனக்கும் ஆசைதான். ஆனால் தெரியும். அடுப்படியில் மைக்ரோவேவ் அடுப்பு 'கீக் கீக்' என்று கூப்பிட்டு, மனைவி வந்து கதவைத் திறந்து, "பக்கத்துலயே உட்கார்ந்திருக்கீங்க, எடுத்து வைக்கக் கூடாதா?" என்று கேட்ட அன்றைக்கே தெரிந்துவிட்டது. அவருக்கு அது கூப்பிட்டதே கேட்கவில்லை. அந்தப் பயத்தை யாரிடம் சொல்வது? கை போன தச்சனுக்காவது ஊரே அனுதாபப்படும். காதைத் தானே இயர்போன் வைத்துக் கெடுத்துக்கொண்ட காதுக்காரரைப் பார்த்து யார் சிரிக்காமல் இருப்பார்கள்? வெளியே தெரிந்தால் வேலையும் போகும், பெயரும் போகும். யாரிடமும் மூச்சு விடவில்லை. மறுநாள் பஸ்ஸில் ஏறியதும் வழக்கம்போல இயர்போனைச் சொருகிக்கொண்டார். அதுதான் அவரைப் பற்றிச் சொல்லவே கூசுகிற விஷயம்.

கடப்பாரை தன் அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் என்று நான்கு நாள் லீவு போட்டிருந்த வாரத்தில் ஒரு புகார் வந்தது. ஒரு அச்சகத்தின் கீழ்த்தளத்தில் தண்ணீர் கசிந்து காகிதக் கட்டுகள் நனைகின்றன என்று. வேறு பிரிவிலிருந்து இரண்டு ஆட்களை அனுப்பினார்கள். காதுக்காரர் அச்சகத்தின் வாசலில் மைக்கை வைத்து, திருகை ஒன்பதில் வைத்து, கண்ணை மூடினார். தூரத்து மோட்டாரின் முனகல் மாதிரி ஏதோ கேட்டது. எப்போதும் கேட்கிற முனகல்தான். ஒரு வருடத்துக்கு மேலாக அவர் சீறல் என்று நினைத்துக்கொண்டிருந்தது அந்த முனகலைத்தான். வட்டம் போட்டார்.

வந்த ஆட்கள் ஒழுங்கானவர்கள். கல் இருக்கிறது, மண் இறுகிக் கிடக்கிறது என்றெல்லாம் சாக்குச் சொல்லவில்லை. சாக்பீஸ் கோட்டை ஒட்டி நேராக இறங்கினார்கள். குழாய் தெரிந்தது. பொட்டுத் தண்ணீர் இல்லை. இரண்டாவது வட்டத்தை டயர் கடைக்கு எதிரே போட்டார். அதுவும் காய்ந்த மண். மூன்றாவதை மருந்துக் கடை ஓரமாகப் போட்டார். அதற்குள் டயர் கடைக்காரர் நாற்காலியைத் தூக்கி வந்து வெளியே போட்டு, காலை ஆட்டிக்கொண்டு வேடிக்கை பார்க்க உட்கார்ந்துவிட்டார்.

"சார், கடைக்குள்ளயும் ஒண்ணு தோண்டிடுங்க. வண்டிக்கு அடியில நின்னு வேலை பாக்கறதுக்கு எனக்கும் வசதியா இருக்கும்."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். மூன்றாவது குழியிலும் ஒன்றும் இல்லை. மறுநாள் காலை அங்கிருந்து நாற்பது அடி தள்ளி ஒரு பார்சல் வண்டியின் பின்சக்கரம் சாலைக்குள் இறங்கியது. யாருக்கும் அடி இல்லை. சக்கரத்தைச் சுற்றித் தண்ணீர் குபுகுபுவென்று மேலே வந்தது. தன்னைக் கண்டுபிடிக்க ஆளில்லை என்று தண்ணீரே வெளியே வந்து முகத்தைக் காட்டிவிட்டது.

இன்ஜினியர் மேடத்தின் அறையில் பெட்டி மேசை மேல் இருந்தது. அவர் காதுக்காரரைவிடப் பத்து வயது இளையவர், அதட்டிப் பேசத் தெரியாதவர்.

"மூணு குழி சார். உங்களுக்கு ஒண்ணுகூடத் தப்பினதா நான் கேள்விப்பட்டதே இல்லையே."

"பெட்டிதான் மேடம். சரியா கேக்க மாட்டேங்குது."

"போன வாரம் வரைக்கும் நல்லாத்தானே இருந்துச்சு?"

"கீழே விழுந்துடுச்சு."

"யார் போட்டது?"

இதை அவர் எதிர்பார்க்கவில்லை. பெட்டி விழவில்லை. பன்னிரண்டு வருடத்தில் அதன் மூலையில் ஒரு கீறல்கூட விழுந்ததில்லை. மழை நாளில் கடப்பாரை தன் சட்டையைக் கழற்றி அதற்குப் போர்த்தியிருக்கிறார். காதுக்காரர் மேசையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"கடப்பாரை லீவுல போறதுக்கு முந்தின நாள், அவன் கையிலேருந்து நழுவிடுச்சுன்னு நினைக்கிறேன்."

"நினைக்கிறீங்களா, பார்த்தீங்களா?"

"பார்த்தேன்."

ஒரே சொல். அதைச் சொல்வதற்கு எந்தச் சிரமமும் இருக்கவில்லை என்பதுதான் பின்னாட்களில் அவரைப் போட்டுக் குடைந்தது. நெஞ்சு அடைத்திருக்கலாம், நாக்கு குழறியிருக்கலாம். இரண்டும் நடக்கவில்லை. மேடம் எழுதிக்கொண்டார்.

லீவு முடிந்து வந்த கடப்பாரைக்கு அலுவலகத்தில் மெமோ காத்திருந்தது. பெட்டியைப் பழுது பார்க்கிற இடத்துக்கு அனுப்பியாகிவிட்டது. அதன் அறிக்கை வருகிற வரைக்கும் அவர் தெருவுக்குப் போக வேண்டாம், நீரேற்று நிலையில் வடிகட்டித் தொட்டி கழுவ வேண்டும். அறிக்கை எப்படி வருமோ, அதைப் பொறுத்து வேலையே போகலாம். கடப்பாரை காகிதத்தை இரண்டு தடவை படித்துவிட்டுச் சாமான் அறைக்கு வந்தார். காதுக்காரர் அங்கே எதையோ தேடுகிற மாதிரி குனிந்திருந்தார்.

"பெட்டி எப்ப விழுந்துச்சுண்ணே?"

காதுக்காரர் நிமிரவில்லை. எத்தனையோ நாள் கேட்காததைக் கேட்ட மாதிரி நடித்தவர், அன்றைக்குத் தெளிவாகக் கேட்டதைக் கேட்காத மாதிரி நடித்தார். கடப்பாரை இன்னொரு தடவை கேட்காமல் போய்விட்டார்.

இரண்டு வாரம் கழித்து மேடம் ஒரு உத்தரவு போட்டார். ஒழுகல் கேட்கிற வேலையில் இருப்பவர்கள் எல்லோரும் காதுப் பரிசோதனை செய்துகொண்டு சீட்டைக் கொண்டுவர வேண்டும். காதுக்காரருக்கு அன்றிரவு தூக்கம் இல்லை.

பரிசோதனை செய்கிற பெண் ஒரு சின்னக் கண்ணாடிக் கூண்டுக்குள் அவரை உட்கார வைத்து, ஹெட்போன் மாட்டி, கையில் ஒரு பொத்தானைக் கொடுத்தாள். "சத்தம் எவ்வளவு மெல்லிசா இருந்தாலும் கேட்ட உடனே அமுக்குங்க" என்று சொல்லிவிட்டு வெளியே தன் இயந்திரத்தின் முன்னால் உட்கார்ந்தாள். முதலில் இரண்டு மூன்று கனத்த சத்தம் வந்தது, அமுக்கினார். அப்புறம் ஒன்றுமே இல்லை. ஆனால் கண்ணாடி வழியே அவளுடைய வலது தோள் தெரிந்தது. இயந்திரத்தில் விரலை வைக்கிறபோதெல்லாம் அந்தத் தோள் லேசாக அசைந்தது. இருபத்திரண்டு வருடம் தெருவில் நின்று கவனித்துப் பழகிய ஆளுக்கு அது போதாதா? தோள் அசைந்தால் அமுக்கினார். ஒவ்வொரு தடவை அமுக்கும்போதும் கேவலமாக இருந்தது. அமுக்குவதையும் விடவில்லை.

கொஞ்ச நேரத்தில் அவள் நாற்காலியைத் திருப்பிக்கொண்டாள். தோள் மறைந்தது. அவர் ஒரு கணக்கு வைத்துக்கொண்டு, விட்டு விட்டு அமுக்கினார். அவள் எழுந்து வந்து கூண்டுக் கதவைத் திறந்தாள்.

"ஐயா, கடைசி ரெண்டு நிமிஷமா நான் எந்தச் சத்தமும் அனுப்பல. நீங்க பதினோரு தடவை அமுக்கினீங்க."

அவள் வயது அவர் மகள் வயது இருக்கும். பரீட்சையில் பக்கத்துப் பையனைப் பார்த்து எழுதி மாட்டிக்கொண்டது மாதிரி அந்தக் கூண்டுக்குள் ஐம்பது வயது ஆள் குறுகி உட்கார்ந்திருந்தார். முகத்தை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அவள் திட்டவில்லை. அவரைச் சுவர்ப் பக்கமாகத் திருப்பி உட்கார வைத்து, முதலிலிருந்து ஆரம்பித்தாள்.

முடிந்ததும் ஒரு கட்டக் காகிதத்தைக் காட்டினாள். கனத்த சத்தங்களுக்கான கோடு மேலேயே சுமாராக ஓடிவந்து, மெல்லிய கீச்சுச் சத்தங்களின் பக்கம் வந்ததும் கிணற்றில் விழுந்த மாதிரி இறங்கியிருந்தது. பஸ்ஸையும் இயர்போனையும் பற்றிக் கேட்டாள். அவருடைய கைப்பேசியை வாங்கி, அவர் கேட்கிற சத்தத்திலேயே பாட்டைப் போட்டு, இயர்போனை மேசையின் அந்தக் கோடியில் வைத்தாள்.

"இங்கேருந்தே எனக்குப் பாட்டு வரி கேக்குது. உங்களுக்கு?"

அவர் தலையை ஆட்டினார். இல்லை.

"உள்காதுல முடி மாதிரி நுணுக்கமா இருக்கும். சத்தத்தை வாங்குறது அதுதான். புல்லை ஒரு தடவை மிதிச்சா எழுந்துக்கும். தினமும் மிதிச்சா வழியாயிடும், அப்புறம் அங்க முளைக்காது. காதுல 'கொய்'னு நின்னப்பவே அது போதும்னு சொல்லியிருக்கு."

"இனிமே என்ன பண்ணணும்?"

"இருக்கிறதைக் காப்பாத்திக்கணும். போன்ல பாதிக்குக் கொஞ்சம் மேல, அதோட நிறுத்துங்க. ஒரு மணி நேரம் கேட்டா கழட்டி வச்சுட்டுக் காதுக்கு ஓய்வு குடுங்க. பஸ் சத்தத்தோட போட்டி போட்டு ஏத்தாதீங்க. வெளிச் சத்தத்தை உள்ள விடாத மாதிரி, காதை நல்லா மூடுறது கிடைக்குது, அதுல கம்மியா வச்சாலே கேக்கும். பஸ்ல கேக்காமலே இருந்தா இன்னும் நல்லது."

இதெல்லாம் காதில் விழுந்தது. ஆனால் மனசு அந்தக் காகிதத்தின் மேலேயே இருந்தது. எல்லாம் கேட்டு முடித்த பிறகு அவர், "இந்தக் கோட்டைக் கொஞ்சம் மேல தள்ளிப் போட்டுத் தர முடியுமாம்மா?" என்றார்.

அவள் பதிலே சொல்லவில்லை. சீட்டை உறையில் போட்டு அவர் கையில் கொடுத்துவிட்டு, அடுத்த ஆளைக் கூப்பிட்டாள். அந்த மௌனம் காதுக்காரருக்கு நன்றாகக் கேட்டது. வெளியே வந்து பஸ் நிறுத்தத்துக் கல்லில் உட்கார்ந்தார். தன்னைத்தானே செருப்பால் அடித்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது. மூன்று பஸ் போயின. நான்காவதில் ஏறியவர் அலுவலகத்துக்குப் போகவில்லை, நீரேற்று நிலையில் இறங்கினார்.

மோட்டார் அறைக்குள் போகிறவர்கள் காதுமூடி போட வேண்டும் என்று அங்கே ஒரு விதி. பாதிப் பேர் அதைக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார்கள். கடப்பாரை காதிலேயே போட்டிருந்தார். காதுக்காரரைப் பார்த்ததும் அதைக் கழற்றாமல் வெளியே கை காட்டினார். இருவரும் தொட்டிகளுக்கு அந்தப் பக்கம், சத்தம் எட்டாத சுவரோரமாகப் போய் நின்றார்கள். காதுக்காரர் உறையை நீட்டினார். கடப்பாரை ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினார், பிரிக்கவில்லை.

"எனக்குத் தெரியும்ணே. ஒரு வருஷத்துக்கு மேலயே தெரியும்."

"எப்படி?"

"நீங்க வட்டம் போட்டுட்டு டீ குடிக்கப் போவீங்கல்ல. அப்ப நான் இரும்புக் கோலை ரோட்டுல ஊணி, மறு முனையில காதை வச்சுக் கேப்பேன். முதல் தடவை சும்மா விளையாட்டுக்குத்தான் வச்சேன். சத்தம் வேற இடத்துல வந்துச்சு. அங்க தோண்டினேன், தண்ணி இருந்துச்சு. அப்புறம் தினமும் வச்சேன்."

கல்லா இருக்குண்ணே, தள்ளி ஆரம்பிக்கிறேன். காதுக்காரருக்கு ஒவ்வொரு தெருவாக ஞாபகம் வந்தது. உடம்பு வணங்காதவன் என்று தான் சொல்லிச் சிரித்ததும், கடப்பாரை கூடவே சிரித்ததும் ஞாபகம் வந்தது.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேப்பா."

"எதுக்குண்ணே? உங்களுக்கு அது ஒண்ணுதானே இருக்கு. ஏதோ என்னால ஓடுற வரைக்கும் ஓடட்டும்னு இருந்தேன்." கடப்பாரை உறையைத் திருப்பிக் கொடுத்தார். குரல் மாறியது. "ஆனா நான் கீழே போட்டதைப் பார்த்தேன்னு சொல்லிட்டீங்களே."

"நாளைக்குக் காலையில மேடம்கிட்ட எல்லாத்தையும் சொல்லிடறேன்."

"சொல்லுங்க. ஆபீஸை விடுங்க, அங்க யார் என்ன நினைச்சா எனக்கென்ன. வீட்டுல அவ கேட்டா. நான் போடலைன்னு சொன்னேன். 'அப்ப அண்ணன் பொய் சொல்வாரா'ன்னு திருப்பிக் கேட்டா. இருபது நாளா என்னோட முகம் குடுத்துப் பேசல. தப்புப் பண்ணதுக்குக்கூட இல்லையாம், அதை உங்க தலையில கட்டப் பாக்கறேனாம். அவகிட்ட வந்து சொல்லுங்க. பசங்க இருக்கும்போது சொல்லுங்க."

மேடத்திடம் சொன்னது சுலபமாகத்தான் முடிந்தது. அவர் சீட்டைப் பார்த்தார், காதுக்காரரைப் பார்த்தார். கடப்பாரையின் மெமோவைக் கிழித்துவிட்டு, கோலும் பெட்டியும் இனி அவர் பொறுப்பு என்று எழுதினார். காதுக்காரருக்குப் பழைய வரைபடங்கள் வைத்திருக்கிற அறையில் வேலை. சம்பளம் அதேதான். "இன்னும் முன்னாடியே வந்திருந்தா எவ்வளவோ நல்லா இருந்திருக்கும் சார்" என்றார். அதில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

அன்று மாலை கடப்பாரையின் வீட்டுக்குப் போனார். மூன்றாவது மாடி, ஒரே கூடம். மேலே மின்விசிறி கடகடத்துக்கொண்டிருந்தது. இரண்டு பெண்பிள்ளைகள் தரையில் நோட்டுகளைப் பரப்பி எழுதிக்கொண்டிருந்தார்கள். கடப்பாரை ஜன்னல் ஓரமாக நின்றார். அவர் மனைவி காதுக்காரரைப் பார்த்ததும் பதறிப்போய் நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

"உட்காருங்கண்ணே. நானே வந்து உங்களைப் பார்க்கணும்னு இருந்தேன். இவரு பண்ண காரியத்துல உங்க பேரும்ல சேர்ந்து கெட்டுப்போச்சு. மனசுல வச்சுக்காதீங்கண்ணே."

காதுக்காரர் உட்காரவில்லை. அவள் எதிரே நின்று சொன்னதால் ஒவ்வொரு சொல்லும் புரிந்தது. புரியாமல் இருந்திருக்கக் கூடாதா என்று நினைத்தார். தண்ணீர் டம்ளரைக் கையில் பிடித்தபடியே சொல்ல ஆரம்பித்தார்.

"தங்கச்சி, பெட்டி விழவே இல்லை. இவன் அதைக் கீழே போடலை. எனக்குக் காது கேக்கலை. ரெண்டு வருஷமா கேக்கலை. நானே கெடுத்துக்கிட்டேன். அது வெளியே தெரியக் கூடாதுன்னு இவன் பேர்ல பொய் சொன்னேன். நான் பொய் சொன்ன அன்னைக்கு இவன் ஊர்லயே இல்லை. அதான் எனக்குத் தோதா இருந்துச்சு."

எழுதிக்கொண்டிருந்த பெரிய பெண் பேனாவை நிறுத்திவிட்டு அப்பாவைப் பார்த்தாள். கடப்பாரை ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் மனைவி காதுக்காரரின் கையிலிருந்து டம்ளரை வாங்கிக்கொண்டு, தலையைக் குனிந்தபடி மெல்ல ஏதோ சொன்னாள். மின்விசிறிச் சத்தத்தில் அது அவருக்கு எட்டவில்லை. அவர் கடப்பாரையைப் பார்த்தார்.

"சாப்பிட்டுட்டுப் போகச் சொல்றாண்ணே" என்றார் கடப்பாரை, உரக்க.

காதுக்காரர் அவள் முகத்தைப் பார்த்தார். சாப்பிடக் கூப்பிடுகிற முகம் இல்லை அது. கடப்பாரையைப் பார்த்தார். அவர் கண்ணைத் திருப்பிக்கொண்டார். சரி என்று தலையாட்டிவிட்டு, பசி இல்லை என்று ஏதாவது சொல்லிவிட்டு இறங்கிப் போயிருக்கலாம். கடப்பாரை அதற்குத்தான் வழி விட்டிருந்தார். காதுக்காரர் இறங்கவில்லை.

"அவங்க அதைச் சொல்லலைப்பா" என்றார். அவள் பக்கம் திரும்பினார். "என்ன சொன்னீங்க தங்கச்சி? எனக்குக் கேக்கலை. கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க."

அவள் புருஷனைப் பார்த்தாள், பிள்ளைகளைப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து, பக்கத்து வீடுகளில் எல்லாம் கேட்கிற மாதிரி சொன்னாள்.

"இனிமே இந்த வீட்டுப் படி ஏறாதீங்கன்னு சொன்னேன்."

கேட்டது. ஒரு எழுத்து விடாமல் கேட்டது. சரிம்மா என்று சொல்லிவிட்டுச் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு, காதுக்காரர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு கீழே இறங்கினார்.